திட்டியில் ஒரு பூவல்

எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, ஒரு பங்குனி மாதத்தில், சின்னம்மாவும் நானும் ரப்பர் தோணியொன்றில் ஏறி, ஆளில்லாத மணல் திட்டி ஒன்றுக்குப் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தோம்.

சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை. பன்னிரண்டு வயதில் கனடாவுக்குப் போனவர், இருபத்தாறு வயதில்தான் முதல் தடவையாக எங்கள் தீவு ஊரான புளியங்கூடலுக்குத் திரும்பி வந்தார். அவருடைய பெட்டியில் மேலே எங்களுக்குச் சொக்கிலேற்றும், அடியில் மடித்துவைத்த மஞ்சள் தோணியும் ஒரு கூடாரமும் இருந்தன. அங்கே ஏரிகளில் பனி உருகியதும் இரண்டிரண்டு பேராகத் தோணியில் காட்டுக்குள் போய்ப் படுத்தெழும்பி வருவார்களாம்.

நாங்கள் தோட்டம் செய்கிற ஆட்கள். நாலு பக்கமும் கடல்; வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. கடலிலிருந்து எங்களுக்கு வேண்டியதெல்லாம் சாதாளைதான். கரையில் ஒதுங்கும் அந்தக் கடற்புல்லை அள்ளிவந்து புகையிலைக்குப் பசளையாகப் புதைப்போம்.

காற்றடித்த தோணியை அப்பா சுற்றிவந்து பார்த்தார். "உது மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டியெல்லோ? உதிலயோ போகப்போறீர்?"

"ஓம் அத்தான். நீங்களும் வாறியளோ?"

"எனக்கென்ன விசரே?" என்றவர், பிறகு சிரிக்காமல் சொன்னார்: "பிள்ளையைப் பத்திரமாக் கொண்டுவந்து தாறது உம்மட பொறுப்பு."

அப்போதே எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் இருந்தது. கொப்பியில் பதினேழு சாமான்கள் எழுதினேன். பதினோராவது, ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலன். சின்னம்மா அதைக் கோடிட்டு வெட்டினார்.

"இந்தப் பாரம் என்னத்துக்கு? அங்க நாங்கள் தண்ணி காவுறேல்லை. வடிகட்டுற சாமான் இருக்கு. கிடக்கிற தண்ணியை வடிச்சுக் குடிக்கிறதுதான்."

ஆளுக்கொரு சிறிய போத்தல் மட்டும் மிஞ்சியது. கட்டுச்சோறு இருப்பதால் நெருப்புப்பெட்டியையும் அவர் வெட்டிவிட்டார்.

கடலில் முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீர் இல்லை. கண்ணாடி போல அடிவரை தெரிந்தது. கறுத்துக் காய்ந்து நாறும் குவியலாகவே நான் அறிந்திருந்த சாதாளை, அங்கே பச்சைப் பசேலென்று ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு ஒன்றாக மறுபக்கம் சாய்ந்தது. ஒரு வயலுக்கு மேலாகப் பறந்துபோவது போல இருந்தது. மணலின் ஒரு துண்டு எழும்பி, திருக்கையாகி, செட்டை அடித்துக்கொண்டு போனது. நான் துடுப்பு வலிக்க மறந்துபோனேன். முன்னால் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கரை தெரிந்தது. நாங்கள் கிட்டப் போனதும் அந்தக் கரை எழுந்து பறந்தது. அவ்வளவும் பூநாரைகள். சின்னம்மாவும் நானும் கழுத்தை வளைத்துக்கொண்டு, அவை கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

திட்டியில் இறங்கும்போதே போத்தல்கள் காலி. அம்மா கட்டித்தந்த பிட்டையும் பொரித்த கருவாட்டையும் தின்று முடித்தபின், சின்னம்மா வடிகட்டியை எடுத்துப்போய்க் குழாயைக் கடலில் விட்டுப் பம்ப் பண்ணினார். ஒரு வாய் குடித்தார். துப்பினார்.

"உப்பு," என்றார், யாரோ ஏமாற்றிவிட்டதைப் போல.

"கடல்தானே, சின்னம்மா."

இருவரும் சிரித்தோம். அவருடைய சிரிப்புத்தான் முதலில் நின்றது. திரும்பிப் பார்த்தால் கடல் வற்றியிருந்தது. தோணியைச் சுற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அந்தச் சேற்றை இழுத்து வடிகட்டியும் அடைத்துக்கொண்டது. கைபேசியில் சிக்னல் இல்லை. காலையில் தண்ணீர் ஏறும்வரை போக ஏலாது.

"தண்ணி விடாய்க்குதோ பிள்ளை?"

"ஓம். பூவல் தோண்டுவமே?"

கிணறுகள் உவர்க்கும் காலத்தில் எங்கள் ஊரில் மணலில் தோண்டும் சிறு குழிதான் பூவல். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கும். சின்னம்மா சாப்பாட்டுத் தட்டால் வெறி வந்தவர் போலத் தோண்டினார். ஈரம் கண்டும் நிறுத்தாமல் இடுப்பளவு போனதும் வந்தது உப்புத்தண்ணீர்.

"ஆழம் கூடிப்போச்சு சின்னம்மா. கொஞ்சமாத்தான் தோண்ட வேணும்."

திட்டியின் நடு மேட்டில், அடம்பன் கொடிகளை விலக்கி, முழங்கை ஆழத்துக்கு நான் தோண்டினேன். மணல் கறுத்தது. பிறகு மினுங்கியது. பிறகு அடியில், ஒரு கண் திறப்பதுபோல, தண்ணீர் வந்தது. விரலை நனைத்து நக்கினேன். உப்பு இல்லை. சுற்றிவரக் கடலும் சேறும். நடுவில், என் கைக்குக் கீழே, நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கோவிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

சின்னம்மா சால்வையால் வடித்துக் கோப்பையை நிரப்பினார். நான் கையை நீட்டினேன். அவர் திரும்பி நின்று முழுவதையும் தானே குடித்தார்.

"எனக்கு?"

"பொறு."

சுற்றிவரப் பறவை எச்சமும், யாரோ கொண்டுவந்து மேயவிட்ட ஆடுகளின் புழுக்கையும் கிடந்தன. அவர் அவற்றையும் பூவலையும் மாறிமாறிப் பார்த்தார்; பிறகு மணிக்கூட்டைப் பார்த்தபடி, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். பூவல் நிறைந்து கிடந்தது. வானம் முழுவதும் சிவந்து, சேற்றிலும் சிவந்தது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. சூரியன் போனபிறகுதான் கோப்பையை என்னிடம் தந்தார். "இனிக் குடி. மெல்ல மெல்ல." மண் கடிபட்டது. குளிர்ந்திருந்தது. அப்படியொரு தண்ணீரை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் கண்டதையெல்லாம், பூவலடியில் கிடந்த ஆட்டுப்புழுக்கை வரை, ஒன்று, இரண்டு என்று ஒப்புவித்தேன். கடைசியாக முறைப்பாட்டையும் வைத்தேன்.

"பூவல் தோண்டினது நான். சின்னம்மா முழுக்கத் தான் குடிச்சிட்டு, பொழுதுபடுமட்டும் என்னைப் பாத்துக்கொண்டிருக்க வைச்சவ, தெரியுமே!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கனடாப் பழக்கம்! பெரியாக்களுக்குத்தான் முதல் பந்தி!"

அம்மா சிரிக்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்தார்.

"ஓம் அக்கா," என்றார் சின்னம்மா. "எனக்குச் சரியான விடாய்."

அம்மா எழுந்து குசினிக்குள் போய், செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினார். இப்போதும் அவருக்குத்தான் முதலில் என்று, நான் அந்தச் செம்பை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.