ஸ்டாப் கம்பியில் கட்டிய கயிறு

கேரள எல்லையில் இருக்கிற குன்னத்துகாலில் எனக்கு ஒரு ரப்பர் மேட் கம்பெனி உண்டு. வாசலில் போடுகிற மிதியடி, கார் மேட் எல்லாம் செய்கிறோம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அப்புறம் சைக்கிளில் ரப்பர் ஷீட் கட்டி எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மிதித்தேன். மிதித்து மிதித்தே ஒரு கம்பெனிக்கு முதலாளி ஆனேன். என்னிடம் வேலை செய்கிறவர்களில் யாருக்குச் சர்க்கரை, யாருடைய பிள்ளைக்குப் பரீட்சை, யாருடைய மருமகள் பிணங்கிப் போயிருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். பெரிய படிப்புப் படித்தவர்கள் கூட்டம் போட்டுக் கண்டுபிடிப்பதை நான் மத்தியானச் சோற்றில் கண்டுபிடித்துவிடுவேன்.

நான் தனியாகச் சாப்பிடுவதில்லை. நீள மேசையில் எல்லோரும் இலைப்பொதியைப் பிரிப்போம். ஒவ்வொரு பொதியிலிருந்தும் எனக்கு ஒரு வாய் வரும். என் வீட்டு மீன்குழம்பு மேசையைச் சுற்றிப் போகும். சத்தம் போட்டு நான் வேலை வாங்கியதே கிடையாது. என் கேட்டில் யாரும் யூனியன் கொடி நாட்டியதும் கிடையாது. இதைப் போகிற இடமெல்லாம் சொல்வேன். சொன்னால் என்ன, உண்மைதானே.

இந்த ஓணத்துக்கு முன்னால் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மேசையில் வைத்து ஒரு வார்த்தைதான் சொன்னேன்: "லோடு நேரத்துக்குப் போகல்லேன்னா எனக்க மானம் போவும் மக்கா." லோடு நேரத்துக்குப் போனது. ஆனால் அந்த வாரம் முழுக்க ரோலர் மில் ஓட்டுகிறவனைக் காணவில்லை. ரப்பரை ரசாயன மருந்தோடு சேர்த்து இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிசைகிற மிஷின் அது. கேட்டதற்கு, வீட்டில் தேங்காய் மட்டை உரிக்கும்போது பாரைக் கம்பியில் கை கிழிந்துவிட்டது என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் பொழியூருக்குப் போனேன். கடல் அவன் வீட்டு மதில் வரைக்கும் வந்திருந்தது. வலது கையில் பெரிய கட்டோடு எழுந்து நின்றான். "சாரமில்ல மொதலாளி. ரெண்டு நாளில வாறேன்" என்று ஒன்றுமே இல்லாததுபோலச் சிரித்தான்.

"பாரையைப் பாத்துப் பிடிக்கப்பிடாதா, எலே?" என்றேன்.

அவன் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "பாரையா? எந்தப் பாரை? கடல் எடுத்த பெறவு எங்களுக்கு ஒரு தெங்கு உண்டுமா மொதலாளி? தேங்கா கடையிலயாக்கும் வாங்கியது."

"நீ உள்ள போ" என்றான் அவன்.

"போகமாட்டேன். ரெண்டு விரலும் கட்டையா நிக்கி. நான் எத்தன நாளு பொய் சொல்லுவேன்? ஒங்க மில்லுல போன கையாக்கும் மொதலாளி இது."

ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தேனா, கையிலேயே வைத்திருந்தேனா, தெரியாது. அவள்தான் மீதியைச் சொன்னாள். உருளைக்கு முன்னால் ஒரு ஸ்டாப் கம்பி உண்டு. உடம்பு அதில் இடித்தாலே மிஷின் நின்றுவிடும். நான் பார்த்துப் பார்த்து மாட்டிய கம்பி அது. அவசரத்தில் வயிறு இடித்து இடித்து மிஷின் நின்றதால், பிளாஸ்டிக் கயிறு போட்டு அதை அசையாமல் கட்டிவிட்டார்கள். கை போனபோது நிறுத்த வழியில்லை. யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள். ஒரு சின்ன கிளினிக்கில் தையல் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே பட்டது என்று கேட்பார்கள், அதனால் போகவில்லை.

கை போன அன்று மத்தியானம் நான் கம்பெனிக்கு வந்திருக்கிறேன். மில் பக்கம் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள். நன்றாயிருக்கிறது என்று பாராட்டி, எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன். தின்றார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றார்கள்.

திங்கட்கிழமை எல்லா மிஷினையும் நிறுத்திவிட்டு அவர்களைக் கூட்டினேன்.

"எனக்க மூஞ்சியைப் பாத்து ஒரு வாரம் எப்படி எல்லாரும் பொய் சொன்னிய?"

தலை குனிந்து நின்றார்கள். மேட்டின் ஓரம் வெட்டுகிற பெண் ஒருத்தி மட்டும் நிமிர்ந்தாள். என் பொதியில் எப்போதும் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைப்பவள் அவள்.

"கெட்ட மொதலாளின்னா அன்னைக்கே கேட்டுல கொடி நாட்டியிருப்போம். நீங்க நல்லவரு. ஒங்களுக்குச் சங்கடம் ஆவப்பிடாதுன்னு மறைச்சோம்."

என்னை யாராவது அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நல்லவன் என்பதால் ஒருவனுடைய கையை மறைத்திருக்கிறார்கள். இப்படி ஒன்று நடக்கும் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலாவது சொல்லித் தருகிறார்களா?

"இன்னைக்கே கம்பெனியில பட்டதுன்னு எழுதிக் கொடுப்பேன்" என்றேன்.

"வேண்டாம் மொதலாளி, இன்ஸ்பெக்டர் வந்து பூட்டிடுவாரு!" "ஓணத்துக்கு நாங்க என்ன செய்யியது?" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. நான் ஒருநாளும் போடாத சத்தத்தை அன்று போட்டேன். அவர்கள் பயந்தார்கள். நானும்தான்.

எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் வந்து மில்லைப் பூட்டினார். திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டு எழுதுகிற இடத்தில் எங்கே பட்டது என்று கேட்டபோது, "வீட்டில, பாரை..." என்று அப்போதும் தொடங்கினான். "எனக்க கம்பெனியில" என்று நான் குறுக்கே சொன்னேன். டாக்டர் ஆபரேஷன் செய்தார். பட்ட அன்றே வந்திருந்தால் இரண்டு விரலும் முழுசாக மடங்கியிருக்கும், இனி அவ்வளவு சொல்ல முடியாது என்றார்.

சில வாரம் கழித்துக் கட்டுப் பிரித்து, விரலை மடக்கச் சொன்னார்கள். ஒன்று பாதி மடங்கியது. மற்றது அசையவே இல்லை. நெற்றியில் வியர்வை பொடிந்தது அவனுக்கு. ஆனால் அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சாரமில்ல மொதலாளி. இப்ப கொள்ளாம், வலியொண்ணுமில்ல."

"எலே, எனக்காகச் சிரிக்காதே. வலிக்குதா, இல்லியா? அதைச் சொல்லு."

சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இடது கையால் அந்த விரல்களைப் பொத்திக்கொண்டான்.

"வலிக்குது மொதலாளி" என்றான். "நல்லா வலிக்குது."