பழனாத்தாவைக் கூப்பிட்ட கேம்

1. முதல் நாள்

முதல் நாள் கையில் ஒன்றும் தரவில்லை. துடைப்பம் இல்லை, வாளி இல்லை. மேனேஜர் சார் ஒரு பெரிய டிவி முன்னால் என்னை நிறுத்திவிட்டு, "பேசுங்கக்கா" என்றார்.

"என்னத்தைப் பேசறதுங்க?"

"மேலேன்னு சொல்லுங்க."

மேலே என்றேன். டிவியில் ஒரு பொம்மைப் பெண் தேயிலை மேட்டில் ஏறினாள்.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். அஞ்சாவது வரை படிப்பு. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்துகொண்டே போனது. கடைசியில் ஃபேக்டரியை மூடினார்கள். சனம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனது. எஸ்டேட்டை வாங்கிய புதுக் கம்பெனி, ஃபேக்டரிக்குப் பெயிண்ட் அடித்து டூரிஸ்ட் வந்து பார்க்கிற இடமாக்கியது. அங்கே வேலைக்குச் சேர்ந்தால் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டில் இருக்கலாம், சேராதவர்கள் காலி பண்ண வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு முட்டி போய்விட்டது. கல்யாணமாகி வந்த நாள் முதல் எங்களுக்கு அந்த வீடுதான். வேறு போக்கிடம் இல்லை. சேர்ந்தேன்.

ஃபேக்டரியில் முன்பு இலையை வாட்டிய மாடிதான் கேம் ரூம். கேமுக்குப் பட்டன் கிடையாது. கையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. எல்லாம் வாயால்தான். மேலே, கீழே, பறி, கொட்டு, நில். சீலிங்கில் தொங்குகிற மைக் அதைக் கேட்டுப் பொம்மையை நடத்தும். ஆடுகிறவர் குரல், பார்க்கிறவர் குரல் என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது. ஒருத்தர் தும்மினார், பொம்மை கூடையைக் கவிழ்த்துவிட்டது. அதனால் ஆட்டம் நடக்கும்போது மற்றவர்கள் வாயை மூட வேண்டும். அதைச் சொல்வதும், வருகிறவர்களுக்கு ஆடிக் காட்டுவதும் என் வேலை.

எனக்குப் பிடித்திருந்தது. அதுவரை மற்றவர்கள் சொல்லுக்கு நான் ஏறி இறங்கினேன். என் சொல்லுக்கு ஒன்று ஏறியது அப்போதுதான். வீட்டில் வந்து சொன்னேன். "என்ர முட்டிகிட்டயும் மேலேன்னு சொல்லிப் பாரு" என்றார் வீட்டுக்காரர்.

2. பேர் வைத்தார்கள்

சீசனுக்கு முன்னால் கேமை மாற்றினார்கள். ஒரு பொம்மை ஆறு பொம்மையானது. தலையில் முக்காடு, இடுப்பில் சேலை நனையாமல் சுற்றுகிற படங்கு, முதுகில் கூடை. எங்களைப் பார்த்துச் செய்தது போலவே இருந்தது. ஆடுகிறவர்தான் சூப்பர்வைசர். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வேலை சொல்ல வேண்டும். எவ்வளவு கத்துகிறாரோ அவ்வளவு வேகமாகப் பொம்மை பறிக்கும்.

பேர்களை அவர்கள் யோசித்து வைக்கவில்லை. எங்கள் எஸ்டேட் ஒரு வருசம் கொழுந்துக்குப் பரிசு வாங்கியது. அப்போது எடுத்த போட்டோ கீழே ஹாலில் தொங்குகிறது. அதில் முன்வரிசையில் இருந்த ஆறு பேரின் பேர்களையும், கீழே எழுதியிருந்தபடி, எடுத்துக்கொண்டார்கள். என் பேரும் இருந்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டூரிஸ்டுகளுக்குப் பழனாத்தா என்ற பேர் பிடித்துவிட்டது. சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"ஏய் பழனாத்தா, தூங்கறியாடி? பறி!"

மெஷினுக்குப் பேரும் வேலையும் சொன்னால் போதும். ஏய், அடி, சனியனே, இதெல்லாம் அவர்களாகச் சேர்த்துக்கொண்டது. அப்பா கத்துவதைப் பார்த்துப் பிள்ளையும் கத்தும். அம்மா வீடியோ எடுப்பாள். முப்பது வருசம் வேலை செய்த இடத்தில் நான் கேட்காத பேச்சையெல்லாம் அந்த ரூமில் கேட்டேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பேசினார்கள். நான் சுவரோரம் நின்றேன்.

3. அவள் வந்தாள்

பழனாத்தா என் பக்கத்து வரிசையில் பறித்தவள். எஸ்டேட் மூடியதும் கேத்திக்குக் கேரட் கழுவுகிற வேலைக்குப் போனாள். ஒருநாள் என்னைப் பார்க்க ஒரு பை கேரட்டோடு வந்தாள். கேம் ரூமில் இருக்கிறேன் என்று கேட்டில் சொல்லியிருக்கிறார்கள். மாடி ஏறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மனுசன் டிவியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய் பழனாத்தா! எங்கடி போய்த் தொலஞ்ச? வந்து பறி!"

அவள் பையைக் கீழே வைத்தாள். முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இங்கதானுங்க இருக்கறேன். என்னங்க வேணும்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கீழே ஹாலில் பார்த்த போட்டோவை வைத்து யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். ரூமே சிரித்தது.

"ஒரிஜினலே வந்துருச்சுப்பா" என்றார் அந்த ஆள். "பொம்மை பக்கத்துல நில்லும்மா. பறிக்கிற மாதிரி கையை வை."

போனைத் தூக்கினார். அவள் என்னைப் பார்த்தாள். என்ன ஏது என்று புரியாமல் கையையும் தூக்கினாள். நான் போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, வெளியே கூட்டி வந்தேன்.

"சரசு, யாரு அவுரு? என்னைய எப்பிடித் தெரியும்?"

விசயத்தைச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"புள்ளயக் குடுத்த ஊட்டுக்காரங்க இங்கெல்லாம் வருவாங்க சரசு. என்ர பேரை இப்பிடிக் கேட்டா என்னாகறது?"

கேரட்டை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். டீகூடக் குடிக்கவில்லை.

4. மேனேஜர்

நேரே மேனேஜரிடம் போனேன்.

"சார், அந்தப் பேருகளை எடுத்துருங்க."

"ஏனுங்கக்கா? உங்களுக்கெல்லாம் ஒரு மரியாதையா இருக்கட்டும்னுதானுங்க வெச்சது."

"மரியாதைன்னா உங்கம்மா பேரை வெய்ங்க."

அவர் முகம் செத்துவிட்டது. கெட்டவர் இல்லை. கோயம்புத்தூர்ப் பையன், சிரித்த முகம். ஆனால் அவர் சொன்னது இது:

"சும்மா பொம்மைங்கக்கா. பொம்மையைத் திட்டுனா யாருக்கு வலிக்குது?"

"பொம்மை திரும்பிப் பாக்காதுங்க. அவ திரும்பிப் பாத்தா."

"சரி, அப்புறம் பேசிக்கலாம். நாளைக்கு ஹெட் ஆபீஸ்ல இருந்து வராங்க. நீங்கதான் ஆடிக் காட்டோணும். நல்லாக் கத்தி ஆடுங்க. வீடு ஞாபகம் இருக்குதுங்களா?"

மெதுவாகத்தான் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவ பேரைச் சொல்லிக் கத்துவியா நீயி?"

"மாட்டேன்."

"அப்பச் சாமானைக் கட்டு" என்றார்.

5. பேசாமல் ஆடிய ஆட்டம்

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. சூப்பர்வைசர் ஒருத்தியைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னால், வரிசை மொத்தமும் செடியிலிருந்து கையை எடுத்துவிடும். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. சும்மா நிற்போம். அவரே வந்து, "பறிங்கம்மா" என்று சொன்ன பிறகுதான் மறுபடி கை வைப்போம்.

ஹெட் ஆபீஸ்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கேம் ஆரம்பித்தது. நான் மைக்குக்குக் கீழே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஆறு பொம்மையும் காத்திருந்தன. மேனேஜர் பின்னால் நின்று கையை ஆட்டினார். அவராலும் பேச முடியாது, பேசினால் மைக் எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ஒரு பொம்மை கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் உட்கார்ந்தன. நேரம் முடிந்து சிவப்பு எழுத்து வந்தது.

"என்னாச்சு, மைக் ரிப்பேரா?" என்றார் வந்தவர்களில் ஒரு அம்மா.

"மைக் நல்லாருக்குதுங்கம்மா. அங்க உக்காந்திருக்கற ஆறு பேருல ஒருத்தி நானுங்க. பேருகளை எடுக்கற வரைக்கும் நான் கத்த மாட்டனுங்க."

ஏன் என்று கேட்டார். பழனாத்தா வந்ததைச் சொன்னேன். மேனேஜரைப் பார்த்தார். "பாத்துக்கலாம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

பார்த்துக்கொண்டார்கள். அந்த மாசமே வேலையை நிறுத்தினார்கள். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டோம். கேத்தியில் வாடகைக்கு ஒரு ரூம். பழனாத்தாவோடு சேர்ந்து நானும் கேரட் கழுவுகிறேன். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். சாயந்திரம் விரல் மடங்காது.

பேர்களை எடுத்துவிட்டார்கள். அங்கே இன்னும் வேலை செய்கிற ஒருத்தி வந்து சொன்னாள். இப்போது பொம்மைக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கிறார்களாம். "ஏய் நாலு, தூங்கறியாடி?" என்று கத்துகிறார்களாம். பேர் போனது, ஏச்சு போகவில்லை. அதை எடுக்க என்னால் ஆகவில்லை.

இப்போது இந்த மலையில் டூரிஸ்ட் வேலைதான் கிடைக்கிறது. பிள்ளைகள் போகத்தான் வேண்டும். சேருவதற்கு முன்னால் சம்பளம் கேளுங்கள், லீவு கேளுங்கள், வீடு கேளுங்கள். யாரைப் பார்த்துக் கத்தச் சொல்வீர்கள் என்றும் கேளுங்கள்.