எனக்குக் கேட்டது

மாயாண்டி அண்ணனின் கால் வெந்ததற்கு நான்தான் காரணம். அன்று அவர் கூப்பிட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்டும் போகாமல் நின்றேன்!

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டுங்கள், திட்டாமல் போங்கள்... உங்கள் இஷ்டம்.

ஆண் பெயர் வைத்து, ஆண்பிள்ளையாக என்னை வளர்த்தார்கள். நான் பெண். அந்தப் பழைய பெயரை இங்கே எழுதமாட்டேன், கேட்காதீர்கள். அந்தப் பெயரோடுதான் மாயாண்டி அண்ணனின் கல்யாணச் சமையல் கோஷ்டியில் பல வருஷம் உழைத்தேன். பிறகு எங்கெங்கோ போய், சேலை கட்டிச் சரசுவாகத் திரும்பி வந்தபோது மதுரையில் எவரும் எனக்கு வேலை தரவில்லை. அண்ணன் மட்டும் மேலும் கீழும் பார்த்தார்.

"கை அதே கைதானே? வந்து காய நறுக்கு தாயி" என்றார். கோஷ்டி ஆட்களிடமும், "இனிமே இது சரசு. எவனாச்சும் பழைய பேரச் சொன்னீங்க, கரண்டி பறக்கும்!" என்று சொல்லிவைத்தார்.

அப்படிப்பட்ட மனிதரை...

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பிலிருந்து அண்டாவை இறக்க எதிர்ப்பக்கம் ஆள் வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட கையோடு தூக்கிவிடுவார், திரும்பிப் பார்க்கமாட்டார். அண்டாவின் அந்த எதிர்ப்பக்கக் கைப்பிடி வளையத்தைப் பல வருஷம் பிடித்தவள் நான்.

மதுரைக்குப் பக்கத்தில், பரவையில் ஒரு கல்யாணம். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சாம்பார் கொதிக்கிறது, பெண் வீட்டார் வந்து அவசரப்படுத்துகிறார்கள். அண்ணன் வளையத்தைப் பற்றிக்கொண்டு கத்தினார்... என் பழைய பெயரை!

பரிமாற நின்றவர்கள் சிரித்தார்கள். பெண் வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்களும் வச்சுக்கங்கக்கா" என்று காலையில் எனக்குப் பூ கொடுத்தவர்கள் அவர்கள்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவசரத்தில் வாய் தவறியது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவர் தூக்கிவிடுவார் என்பதும் தெரியும். இருந்தும், 'சரசு என்று கூப்பிடட்டும், போகிறேன்' என்று வீம்பாக நின்றேன். பாரம் தாங்காமல் அவர் கை நழுவ, ஒருபக்கம் தூக்கிய அண்டா ஆடி, அவர் பக்கமே சாய்ந்தது. கொதிக்கும் சாம்பார் அவருடைய வலது காலில் கொட்டியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கக் கோரிப்பாளையம் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள்! அவர் முந்திக்கொண்டார்.

"வாய் தவறிருச்சு தாயி. அம்புட்டு வருசப் பழக்கம். உனக்குக் கேட்டிருக்காது, இல்லேன்னா ஓடி வந்திருக்க மாட்டியா?"

ஆமாம், கேட்கவில்லை என்பதுபோல் தலையை ஆட்டினேன். பாவி, தலையை ஆட்டினேன்...

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். "கட்டில்ல படுத்துக்கிட்டு, 'சரசு, பிடி! சரசு, பிடி!'ன்னு நாள் பூராம் பழகுறாரு. கட்டுன பொண்டாட்டி பேரக்கூட மனுசன் இம்புட்டுத் தடவ சொன்னதில்ல!"

அழவேண்டிய நான் சிரித்துவிட்டேன். வெந்த காலோடு படுத்துக்கொண்டு ஒருவர் என் பெயரைப் பழகுகிறார்! எனக்கு அதைவிடப் பெரிய மரியாதையை யார் செய்திருக்கிறார்கள்?

அதன்பிறகு நான் மாறினேன். புதிதாக வருகிறவர் யாராவது தெரியாமல் "அண்ணே" என்று கூப்பிட்டால், முதலில் போய்ப் பிடிக்கிறேன். அண்டா தரையில் உட்கார்ந்த பிறகுதான், "அண்ணே இல்லப்பா, அக்கா" என்கிறேன். பெரும்பாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். அடுத்த கல்யாணத்தில் சரியாகக் கூப்பிடுகிறார்கள். வேண்டுமென்றே சொல்கிறவனை எனக்குத் தெரியும். அவனுக்கு வேறு பதில் வைத்திருக்கிறேன்!

அண்ணன் இப்போது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார். அதன்பின் ஒருமுறைகூட என் பெயர் அவருக்குத் தவறவில்லை. ஒவ்வொரு முகூர்த்தத்திலும், இன்றைக்குச் சொல்லிவிடலாமா என்று அவர் பக்கத்தில் போய் நிற்கிறேன்...

"சரசு, பிடி தாயி!"

ஓடுகிறேன். என் கை வளையத்தைத் தொடும் முன்பே தூக்கிவிடுகிறார். இன்றும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.