எலிக் கதையை எழுதியவர்கள்

பிள்ளைகளா, அப்பா ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

ஜப்பான்காரர் ஆட்சி. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். நம் ஊர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, எந்தக் கதை யாருடையது என்று பெயர் போடாமல், சிறுவர் கதைப் புத்தகம் ஒன்று போட்டோம். என் கதையில், எங்கிருந்தோ வந்த எலி ஊர் அரிசியையெல்லாம் தின்றுவிடும்.

வாசகசாலையில் வரிசையாக உட்கார்ந்து, வாங்கியவர்களுக்குக் கையெழுத்துப் போட்டோம். என் பக்கத்தில் எங்கள் ஐவரில் ஒருவரான துணிக்கடை காதர் பாய். ஜப்பான் மொழி பேசுவார். அதனாலேயே ஆள்காட்டியோ என்று எனக்குப் பயம்.

"உங்க வீடு எங்க தம்பி?" என்றார்.

"காப்பார்ல" என்று பொய் சொன்னேன்.

"அங்கேருந்தா தினமும் நடந்து வரீங்க? காலு தேயலயா?" என்று சிரித்தார்.

அப்போது ஒரு ஜப்பானிய அதிகாரி உள்ளே வந்தார். கூட வந்த தமிழர் புத்தகத்தைப் பிரித்து, "எலிக் கதை யாரு எழுதினது?" என்று கேட்டார்.

பாய் எழுந்தார். காட்டிக் கொடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அஞ்சு பேரும் சேர்ந்து எழுதினோங்க" என்று சொல்லி, என் கதையின் அடியில் தன் பெயரைப் போட்டார். மற்ற மூவரும் புத்தகத்தை வாங்கித் தங்கள் பெயரைப் போட்டார்கள். என் கை மட்டும் எழவில்லை.

பாய் அதிகாரியிடம் அவர் மொழியில் ஏதோ சொன்னார். பிள்ளைகள் கதைதானே என்று விட்டாரோ என்னவோ, அவர் புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பிரதியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்போது சிறுபிள்ளைகளாக இருந்த நீங்கள் யாரும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, நான்கு பெயர்களுக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.