லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?

வீட்டை விட்டுப் போகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சனத்தில் அப்படிப் போகாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் நல்ல வீடு ஒன்று இருக்க, அதைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, வாகனத்துக்குப் பின்னால் இன்னொரு சின்ன வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவர்களை டென்மார்க்கில்தான் முதன்முதலாகக் கண்டேன். வைலேயில் எங்கள் தெருவில் யூலை மாதம் பிறந்தால் பாதி வீடுகள் இப்படிப் புறப்பட்டுவிடும். அந்தச் சில்லு வைத்த வீட்டுக்கு இவர்கள் வைத்த பெயர் காம்பிங்வோன். எங்கேயோ ஒரு புல்வெளிக்குப் போய் வரிசையாக நிறுத்துவார்கள். காலையில் தோளில் துவாயும் கையில் பல் தூரிகையுமாகப் பொதுக் குளியலறைக்கு நடந்து போய், முறை வரும்வரை சிரித்த முகத்தோடு காத்து நிற்பார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் அதே மாதிரி வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். அங்கே ஒருவரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் வசந்தி மாமியின் பிள்ளைகள். வசந்தி என் ஒரே தங்கச்சி. போன கிழமை அவளுடைய சின்னவன் தொலைபேசியில், "மாமா, உங்கடை வீட்டுக்குச் சில்லு இருக்காமே, அம்மா சொன்னவ" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. எங்கள் மகள்மார் அபிக்கும் துளசிக்கும் அது தெரியும் என்றாலும் அவர்களும் வாசிக்கட்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்பியது இதற்காகத்தானே.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம் வைகாசியில் ஊரில் போர் முடிந்தது. முடிந்தது என்று எல்லா நாட்டுத் தொலைக்காட்சியும் சொன்னது. எங்கள் வீட்டில் அது முடியவில்லை. வசந்தியும் அவளுடைய வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும் எங்கே என்று தெரியாமல் பல கிழமைகள் போயின. பிறகு ஒருநாள் வவுனியாவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசி எடுத்தார். "நாலு பேரும் இருக்கினம் அண்ணை, முகாமிலை கண்டனான். எப்பிடியும் ஒரு போன் பிடிச்சு உங்களுக்கு எடுப்பன் எண்டு தங்கச்சி சொன்னவ" என்றார். அவ்வளவுதான். எப்போது எடுப்பாள், யாருடைய தொலைபேசியில் எடுப்பாள், ஒன்றும் தெரியாது. நாங்கள் திருப்பி எடுக்கவும் முடியாது. அவளிடம் இருந்தது என் கைத்தொலைபேசி இலக்கம் மட்டும்தான். அதனால் அந்தக் கைத்தொலைபேசியை நான் குளிக்கப் போகும்போதும் யன்னலில் வைத்துவிட்டுத்தான் போவேன். அதன் பற்றரியோ கிழடு. காலையில் நிரப்பினால் மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். புதியது போடக் கடையில் கொடுத்தால் அரை மணித்தியாலம் நிறுத்தி வைப்பார்களே, அந்த அரை மணித்தியாலத்தில் அவள் எடுத்தால் என்ன செய்வது என்று கொடுக்காமலே விட்டேன்.

அப்போதுதான் பல்ல வந்து சேர்ந்தான். பல்ல என்பது ஆளின் பெயர். தொழிற்சாலையில் என் பக்கத்து மெசினில் நிற்பவன், என்னைவிடப் பத்து வயது மூத்தவன். இந்த நாட்டில் மூத்தவனையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அது எனக்கு இன்றைக்கும் தொண்டையில் சிக்கும். நான் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கித் தொழிற்சாலை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய முதல் நாள், பல்ல அதைச் சுற்றி வந்தான். சில்லை உதைத்துப் பார்த்தான். பிறகு கேட்டான்: "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?"

பதினைந்து வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒருவரை ஒருவர் சந்தித்தால் நலம் விசாரிக்க முதலே கேட்ட கேள்வி இது. பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். மண்ணெண்ணெயில் அது தானாக ஸ்டார்ட் ஆகாது. ஒரு சின்னப் போத்தலில் உயிர்த்தண்ணீர் போலக் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். கார்பரேற்றருக்குள் சில துளி விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும், பிறகு மண்ணெண்ணெய் தன்பாட்டில் எரியும், பின்னால் வெள்ளைப் புகை கோயில் திருவிழா மாதிரி எழும்பும். அந்தத் துளி விடுகிற வேலை வசந்தியுடையது. அப்போது அவள் பாவாடை சட்டைப் பிள்ளை. நான் உதைக்க, அவள் போத்தலைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, மூண்டு துளிக்கு மேலை தரமாட்டன், உழக்கிற உழக்கை ஒழுங்கா உழக்குங்கோ" என்று நீதிபதி மாதிரி நிற்பாள். ரோட்டில் ஓடும்போது பின்னாலிருந்து என் தோளில் தட்டுவாள். அதற்கு அர்த்தம், இனி எஞ்சினை நிறுத்து, சும்மா உருளட்டும் என்பது.

பல்லவுக்கு இதையெல்லாம் என் டேனிஷில் எப்படிச் சொல்வது? "பாரம் இல்லாமல் ஓடினால் பன்னிரண்டு கிலோமீற்றர்" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையாட்டினான். அந்த வருடம் அவனுடைய மனைவிக்கு முழங்காலில் ஒப்பரேசன், எங்கும் போக முடியாது. "என் காம்பிங்வோனைக் கொண்டு போ, உன் பிள்ளைகள் வெயிலைப் பார்க்கட்டும்" என்றான். நான் முடியாது என்றேன். தங்கச்சி முள்வேலிக்குள் ஒரு கூடாரத்தில் கிடக்கிறாள், நான் எந்த முகத்தோடு உல்லாசம் போவது? ஆனால் அந்த வசந்த காலம் முழுக்கப் பிள்ளைகள் ஒரு பிறந்தநாளுக்குக்கூடப் போகவில்லை, சத்தமாகச் சிரிக்கவில்லை. மனைவி மலர்தான் கடைசியில் சொன்னாள்: "போன் என்ன வீட்டுச் சுவரிலை ஆணியடிச்சே கிடக்கு? போற இடமெல்லாம் வரும்தானே. வாகனத்திலை சார்ஜரும் இருக்கு. வெளிக்கிடுங்கோ."

புறப்படுவது என்று முடிவான பிறகு எனக்குள் இருந்த பழைய ஆள் விழித்துக்கொண்டான். பாரம் கூடினால் டீசல் கூடும். எனவே மலர் ஏற்றியதை எல்லாம் நான் இறக்கினேன். நான் இறக்கியதை எல்லாம் அவள் திரும்ப ஏற்றினாள். ஒரு மூட்டை அரிசி, பெரிய பானை, தேங்காய்த் துருவலை, மிளகாய்த்தூள் வாளி.

"டென்மார்க்கிலை அரிசி விக்கேல்லையோ?" என்றேன்.

"நீங்கள் இறங்கி நடந்து வந்தால் இந்த மூட்டைப் பாரம் சரியாகிப் போகும்" என்றாள். அபி விழுந்து விழுந்து சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு என்பதால் அரிசியை விட்டுவிட்டேன்.

வழியனுப்ப வந்த பல்ல எங்கள் சண்டையைப் பார்த்துவிட்டு ஒரு பாடமே எடுத்தான். பாரம் ஏற்றத்தில்தான் டீசல் குடிக்கும், சமதரையில் குடிப்பது காற்று. காம்பிங்வோன் என்பது காற்றுக்கு எதிரே பிடித்த ஒரு சுவர். அரிசியை இறக்குவதைவிட வேகத்தை இறக்கு, எண்பதில் போ, சில்லுக் காற்றைச் சரிபார், பாரத்தை நடு அச்சுக்கு மேல் வை, பின்பக்கம் வைத்தால் வால் ஆடும் என்றான். பிள்ளைகளே, இது பிற்காலத்தில் உங்களுக்கு உதவும், ஞாபகம் வைத்திருங்கள். எங்கள் ஊர்ச் சமதரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எனக்குக் காற்றும் டீசல் குடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

அவன் பேசிக்கொண்டிருக்க, மலர் பிக்கப்பின் நாலு சில்லுக்கும் காம்பிங்வோனின் இரண்டு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்துக்கொண்டு போனாள். பல்ல குனிந்து பார்த்தான். முகம் கவலையாகிவிட்டது. தன் காரின் பின்பக்கத்தைத் திறந்து, மஞ்சள் நிறத்தில் இரண்டு தடைக்கட்டைகள் எடுத்துவந்து என் கையில் தந்தான். "இந்தப் பழம் வண்டியை நிறுத்தாது, நண்பா. உருண்டுவிடும்" என்றான். இது சில்லை நிறுத்த அல்ல, நல்லபடி போக வைக்க என்று விளக்குவதற்குள் மலர், "ஏறுங்கோ, நல்ல நேரம் போகுது" என்றாள். நான் அவன் தந்த கட்டைகளையும் வாங்கிக்கொண்டு, தேசிக்காய்களையும் நசித்துக்கொண்டு புறப்பட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது பல்ல ரோட்டில் குந்தியிருந்து நசிந்த தேசிக்காயை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

வைலேயைச் சுற்றி ஏற்ற இறக்கம் அதிகம். ஏற்றத்தில் பிக்கப் மூச்சு வாங்கியது. இழுவைக்கென்று இருபுறமும் நீட்டிப் பூட்டிய கண்ணாடிகளில் பின்னால் வருகிற வீடு ரோட்டைவிடப் பெரிதாகத் தெரிந்தது. வடக்கே போகும் பெரு வீதியில் எண்பதுக்கு மேல் நான் போகவில்லை. பார ஊர்திகள் எல்லாம் எங்களோடு கூட வந்தன. அபி பள்ளிக்கூடக் கணக்குப் போல டீசல் அளவைப் பார்த்துப் பிரித்து, டேனிஷில், "ஏழு, அப்பா. ஏழுதான்" என்றாள்.

அதனால்தான் அந்தப் பிழை நடந்தது. ஓரிடத்தில் வீதி வேலை. வாகனங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. நான் எஞ்சினை நிறுத்தினேன். கொஞ்சம் அசைந்தது, போட்டேன். நின்றது, நிறுத்தினேன். சுற்றி ஒரு டேனிஷ்காரரும் அப்படிச் செய்யவில்லை. நானோ ஒவ்வொரு தடவையும் தோளில் யாரோ தட்டுவது போலத் திறப்பைத் திருகினேன். ஏழு என்பதை எட்டாக்க வேண்டும், அது ஒன்றுதான் மூளைக்குள். அந்தப் பழைய வண்டியில் எஞ்சின் ஓடினால்தான் சார்ஜர் வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. மறந்துவிட்டேன். வரிசை கலைந்து, வீதியோர ஓய்விடம் ஒன்றில் சாப்பிட இறங்கியபோது துளசிதான் கண்டாள். "அப்பா, போனிலை சிவப்புக் கோடு."

அந்த நேரம் பார்த்து அது அடித்தது. நீண்ட இலக்கம், இலங்கையின் தொண்ணூற்று நாலில் தொடங்கியது.

கையிலிருந்த பாண் துண்டு எங்கே விழுந்ததோ தெரியாது. பிக்கப்பில் பாய்ந்து ஏறி, சார்ஜரைச் செருகி, திறப்பைத் திருகினேன். டீசல் எஞ்சின் கடகடவென்று பிடித்தது. மூன்று துளிகூடத் தேவைப்படவில்லை.

"அண்ணை?"

"வசந்தி!"

அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வேறு யாருடையதோ தொலைபேசி, வீணாக்கக்கூடாது. அவள்தான் தொடங்கினாள். எல்லாரும் சுகம், பெரியவளுக்குக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. "உதென்ன சத்தம்? எங்கை நிக்கிறியள்?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "ரோட்டிலை நிக்கிறம். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு… ஒரு சில்லு வைச்ச வீட்டை இழுத்துக்கொண்டு போறம். அங்கை ஒரு வெட்டையிலை நிப்பாட்டி ரெண்டு கிழமை இருப்பம்."

"ஏன், உங்கடை வீட்டுக்கு என்ன நடந்தது?" குரல் பதறிவிட்டது.

"ஒண்டும் நடக்கேல்லை. வீடு வீட்டிலை கிடக்கு. இங்கத்தைச் சனம் இப்பிடித்தான். பக்கத்திலை கூடாரம் அடிச்சும் இருப்பினம். குளிக்கிறதுக்கு வரிசையிலை நிக்கவேணும்."

"காசு குடுத்தோ?"

"ஓம்."

மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. அறுந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகுதான் விளங்கியது, வசந்தி சிரிக்கிறாள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "உங்களுக்கு விசரே அண்ணை! இஞ்சை வாங்கோவன், வரிசையிலை சும்மாவே நிக்கலாம்" என்றாள். யாரிடமோ திரும்பி அதைச் சொல்வதும், அங்கேயும் இரண்டு மூன்று பேர் சிரிப்பதும் கேட்டது.

இந்த நேரத்தில் யாரோ யன்னலில் தட்டினார்கள். பக்கத்து மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த வயதான டேனிஷ்காரர். என் டீசல் புகை முழுக்க அவர்களுடைய கேக்கின் மேல் போய்க்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்து என்று கையால் காட்டினார். நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது இங்கே பெரிய மரியாதைக்கேடு, எனக்கும் தெரியும். நான் ஒரு கையால் தொலைபேசியையும் மறு கையால் திறப்பையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். மறுக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார், முகம் சிவந்துவிட்டது. அபி ஓடிவந்து டேனிஷில் கதைத்தாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டேன். "என் மாமி போரிலிருந்து எடுக்கிறா, போனில் பற்றரி இல்லை என்று சொன்னன்" என்றாள். மனிதர் திரும்பிப் போனார். மனைவியைக் கூப்பிட்டார். இருவருமாகக் கேக்கையும் கோப்பியையும் தூக்கிக்கொண்டு, தூரத்து மேசைக்கு இடம் மாறினார்கள். அங்கிருந்து எனக்குக் கை காட்டினார். ஓடட்டும், ஓடட்டும் என்பது போல.

"அண்ணை, போனைக் குடுக்கவேணும்" என்றாள் வசந்தி. "ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்த வீட்டை இழுத்துக்கொண்டு லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?"

அப்போதுதான் என் கண் கலங்கியது. அவ்வளவு நேரமும் இல்லை. ஆள் அப்படியே இருக்கிறாள், போத்தலைச் சரித்துப் பிடித்த அதே பிள்ளை.

"ஏழு" என்றேன்.

"ஏழோ! சீ! எங்கடை மண்ணெண்ணெய் மோட்டச்சைக்கிள் பரவாயில்லை" என்றாள். தொலைபேசி நின்றது.

மலர் வந்து கதவோரம் நின்றாள். பிள்ளைகள் இரண்டு பேரும் பின்னால் ஏறினார்கள். பின்னால் பூட்டியிருந்த வீட்டுக்குள் கோப்பைகள் எஞ்சின் அதிர்வில் ஒன்றோடொன்று முட்டி மெல்லச் சத்தமிட்டுக்கொண்டிருந்தன.

"இனி நிப்பாட்டுங்கோவன். டீசல் போகுது" என்றாள் மலர்.

"கொஞ்சம் பொறு. திருப்பி எடுத்தாலும் எடுப்பாள்."

அபி டீசல் அளவையும் கிலோமீற்றர் எண்களையும் எட்டிப் பார்த்தாள். "இந்த லீற்றருக்கு ஒரு மீற்றர்கூட ஓடேல்லை அப்பா" என்றாள், இந்த முறை தமிழில்.

நான் எஞ்சினை நிறுத்தாமலே திறப்பிலிருந்து கையை எடுத்தேன். முன்னால் வடக்கே போகும் வீதி, இருபுறக் கண்ணாடியிலும் பின்னால் கட்டிய வீடு. என் வாழ்க்கையில் நான் எரித்த டீசலில் அந்த ஒரு லீற்றர்தான் அதிக தூரம் போனது. வவுனியாவில் ஒரு கூடார வாசல் வரைக்கும் போய், திரும்பி வர மனமில்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.