நாச்சிமுத்து சாருடன் தீவுக்குப் போன நாள்

நாச்சிமுத்து சார் இறந்துவிட்டார்... இன்று காலையில். துடியலூரில் அவர் வீட்டில்தான்.

பிளஸ் ஒன், பிளஸ் டூவில் எங்களுக்கு ஜூவாலஜி எடுத்தவர். ஸ்கூல் குரூப் முழுக்கக் கும்பிடும் கைகள். நிவேதா அந்தத் தீவு டூர் போட்டோவைப் போட்டிருக்கிறாள். எல்லாரும் முழங்கால் தண்ணீரில், சார் நடுவில், பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு.

அதில் நான் இல்லை.

"ரூபி, நீயும் ஏதாச்சும் போடு" என்று கீழே எழுதியிருக்கிறாள். போடுகிறேன்.

சார் நன்றாகப் பாடம் எடுப்பார். அதைச் சொல்லிவிட வேண்டும். நட்சத்திர மீனின் அடிப்பக்கத்தைப் போர்டில் வரைந்து, அதன் குழாய்க் கால்களை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக் காட்டுவார். "இதுக்கு மூளையே கிடையாது. ஆனா போற வழி தெரியும்" என்பார். கடலே பார்த்திராத எனக்கு ராத்திரி கனவில் அது நடக்கும்.

அதனால்தான் மண்டபம் பக்கத்துத் தீவுக்குக் கூட்டிப் போகிறார் என்றதும் வீட்டில் அழுது அடம்பிடித்துக் கிளம்பினேன்.

போட்டில் போகும்போதே சொல்லிவிட்டார்... அங்கே எதையும் எடுக்கக் கூடாது. கிளிஞ்சல், செத்த பவளம், எதுவும். சட்டப்படி குற்றம்.

தீவில் இறங்கி மணலில் நின்றோம். கடல் உள்வாங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீருக்குள் போகுமுன் பைகளை எல்லாம் ஒரு மரத்தடியில் குவிக்கச் சொன்னார். என் பையை நகர்த்த அவரே தூக்கினார். சைடு பாக்கெட்டிலிருந்து ஒரு பவளத்துண்டு விழுந்தது. சுண்டுவிரல் அளவுதான்.

நான் எடுக்கவில்லை என்றேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. பையைத் தலைகீழாகக் கொட்டினார். டவல், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, பேப்பரில் சுற்றி வைத்திருந்த நாப்கின்... எல்லாம் மணலில், பையன்கள் முன்னால்.

கூட வந்திருந்த வனத்துறைக் காவலர், "விடுங்க சார், தெரியாம எடுத்திருக்கும்" என்று அந்தப் பவளத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டார். அவருக்கு அதோடு முடிந்துவிட்டது.

சாருக்கு முடியவில்லை.

"எங்க கூட்டிட்டு வந்தாலும் பொறுக்கற புத்தி போகாது" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. பாடம் நடத்தும் அதே குரல்.

என் அம்மா சாருடைய மச்சான் தோட்டத்தில் கூலிவேலை செய்தவர். கடலைக்காய் பிடுங்கிய பிறகு மண்ணைக் கிளறி, விட்டுப்போனதைப் பொறுக்கி வருவார். சாருக்கு அது தெரியும். கிளாஸில் பாதிப் பேருக்கும் தெரியும். சிலர் சிரித்தார்கள்.

என்னைப் போட்டில் போய் உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தேன். வெயில். தூரத்தில் எல்லாரும் குனிந்து நின்ற முதுகுகள் மட்டும் தெரிந்தன. அவ்வப்போது ஒரு கத்தல் வரும்... எதையோ பார்த்துவிட்டார்கள் என்று தெரியும். எதை என்று தெரியாது.

திரும்பும் வழியில், ஒட்டன்சத்திரத்தில் டீக்கு பஸ் நின்றது. நிவேதா அழுதுகொண்டே சாரிடம் போனாள். மணலில் கிடந்த அந்தப் பவளத்தை அவள்தான் எடுத்தாளாம். தன் பை நிறைந்திருந்ததால் என் பையில் வைத்தாளாம். சொல்லப் பயமாக இருந்ததாம். அவள் இதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சார் அவள் தலையில் கை வைத்து, "செரி கண்ணு, உண்மையச் சொன்னியே, அது போதும்" என்றார். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறம் அந்த இரண்டு வருஷத்திலும் இல்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "சாரை எதுத்துப் பேசிப்போடாத கண்ணு... பிராக்டிகல் மார்க் அவரு கையிலதான இருக்குது" என்றார். அடுத்த நாள் அதே தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்.

போன வருஷம் சாருக்குப் பக்கவாதம். போத்தனூரில் நான் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் கிளினிக்குக்குத்தான் அவர் மகள் கூட்டி வந்தார். நல்ல பெண். என் பள்ளியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்பா, இவங்க உங்க ஸ்டூடண்டுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

சார் என்னை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. வாய் கோணியிருந்தாலும் பேச்சு புரிந்தது. தீவு டூருக்கு வந்தாயா, என்னவெல்லாம் பார்த்தாய் என்று கேட்டார்.

"போட்டைத்தான் பாத்தேனுங்க சார்" என்றேன்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு மகளிடம் பெருமையாகச் சொன்னார்... "எம் பசங்க ஒருத்தரும் அங்கிருந்து ஒரு கல்லக்கூட எடுத்துட்டு வந்ததில்ல."

மறந்தே போயிருந்தார். என் மனதில் இத்தனை வருஷம் இருந்தது, அவருக்கு ஒரு நாள்கூட இருந்திருக்கவில்லை.

அவர் விரல்களை ஒழுங்காகத்தான் மடக்கி நீட்டிவிட்டேன். ட்ரீட்மெண்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. மற்ற பேஷண்டுகளிடம் "வலிக்குதுங்களா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் செய்வேன். அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வரும்... துடைக்க மகள் இருந்தார்.

இன்று சாயங்காலம் துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போவேன். அவர் மகளுக்காக. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

நம் பக்கத்தில் யாரையும் வெறுமனே 'போ' என்று அனுப்பமாட்டோம். வாசல் வரை வந்து "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வோம்.

போங்க சார்.