ஜெகந்நாதனும் உப்புமலையின் மேற்கு வாசலும்

"உப்புமலையின் கடைசி மன்னர் சாய்ந்தார்" என்று நம் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நீதிமன்றத்திலிருந்து விளாங்குடிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். யாரோ கதையைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, வட்டத்தின் விதிப்படி, "எந்தப் பாகம், எந்தப் பக்கம்?" என்று பதில் போட்டேன். அடுத்த நிமிஷம் மாலை போட்ட படம் வந்தது. ஜெகந்நாதன். ஒரு மனிதரின் சாவுச் செய்திக்குப் பக்க எண் கேட்டவள் என்று என்னை நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். பேசுங்கள். கதை எது, சாவு எது என்று தெரியாத மாதிரி செய்தி போட்டவரை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் குழுவில் ஒரே கவிதை மழை. ஞானி, கடல், கலங்கரை விளக்கம். உயிரோடு இருந்தபோது இவரைக் கண்டால் மாடிப்படியிலேயே திரும்பி ஓடியவர்கள் எல்லாம் "என் வழிகாட்டி" என்று எழுதினார்கள். நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னீர்கள். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கம்மா என்றீர்கள். இருபது வருஷம் மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு தவறாமல் அந்த மனிதரோடு சண்டை போட்டவள் நான். எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும். நல்ல வார்த்தை எத்தனை தேறுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி சரோஜாம்மாளிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். "எழுதிக்கங்கம்மா, அவரு படிக்கவா போறாரு" என்றார்.

அவருடைய சொந்தக்காரர்களும் இந்த மலரைப் பார்ப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உப்புமலைச் சரிதம் ஆறு பாகம். ஒரு காலத்தில் வார இதழில் தொடராக வந்தது. பேசும் மான், நிழலே உடம்பாகக் கொண்ட படை, அரச குடும்பத்தார் கை பட்டால் மட்டும் திறக்கிற கோட்டைக் கதவு, எல்லாம் உண்டு. நாலாம் பாகத்தின் முடிவில் நிழல்படை கோட்டையைச் சூழ்ந்து நிற்கும்போது, ராணி அலர்மேனி விடியற்காலையில் மேற்கு வாசலைத் திறந்துவிடுகிறாள். கோட்டை விழுகிறது. ஏன் திறந்தாள் என்று ஆசிரியர் எழுதவில்லை. அஞ்சாம் பாகத்தில் அவள் பேரே கிடையாது. எதிரிக்குக் காட்டிக்கொடுத்தாள் என்பது ஜெகந்நாதன் கட்சி. உள்ளே தண்ணீர் இல்லாமல் சாகக் கிடந்த ஜனங்களை வெளியே விடத்தான் திறந்தாள் என்பது என் கட்சி. அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் அந்த மாடிக்கு ஏறினேன். வேறு எந்தச் சுகமும் அங்கே இல்லை.

தெற்கு மாசி வீதியில் அவருடைய குடும்பத்துக்குச் சுங்குடிச் சேலைக் கடை. கடை மாடியில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே கூடுவோம். சேலைக்குப் போட்ட கஞ்சி வாடையில் தலை வலிக்கும். பாகமும் பக்கமும் சொல்லாமல் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. நல்ல விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நமக்கு மட்டும். அவர் பாகமும் சொல்ல மாட்டார், பக்கமும் சொல்ல மாட்டார். வாதத்தில் மாட்டிக்கொண்டால் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஆசிரியரு எனக்குக் கடுதாசி போட்டிருக்காரு" என்பார். அதோடு விவாதம் முடிந்தது. அந்தக் கடிதத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. நான் கோர்ட்டில் தட்டச்சு செய்கிறவள். காட்டாத ஆதாரத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். கேட்டால், "டைப்பிஸ்ட்டம்மா, இது கோர்ட்டு இல்ல" என்பார்.

தளபதி எரிதோளனுக்கு இரண்டாம் பாகத்தில் இடது கை வெட்டுப்படுகிறது. நாலாம் பாகத்தில் அதே ஆள் வில்லை வளைத்து அம்பு விடுகிறான். ஒரு கை மனுஷன் எப்படி வில் வளைப்பான் என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். ஆசிரியர் மறந்துபோனார் என்று சொன்னால் தீர்ந்தது. எழுதுகிறவர்களுக்கு மறக்காதா? ஜெகந்நாதன் அரை மணி நேரம் பேசினார். உப்பில் வளர்கிற மந்திரக் கை என்றார். அது வெளியே தெரியாது, போரில் மட்டும் தெரியும் என்றார். ஆதாரம் கடிதம். நீங்களும் தலையாட்டினீர்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவில்லை. புத்தி உள்ளவள்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். மான் சாகிற கட்டத்தை அவர் வாசித்தால் கேட்கலாம். புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வார். ஒரு தடவை வாசித்துக்கொண்டே அழுதுவிட்டு, கையில் அகப்பட்ட சாம்பிள் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். மூக்கு, கன்னம் எல்லாம் அரக்குச் சிவப்பு. கீழே கடை போர்டில் சாயம் போகாத சுங்குடி என்று எழுதியிருக்கும். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தோம். அவர் எதுவும் தெரியாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அந்த ஒரு நாள்தான்.

இனி அந்த இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. அலர்மேனிக்காக நான் ஒரு மாசம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். கோட்டைக் கிணறு உப்பாக மாறிய பக்கம், குழந்தைகளுக்கு ஈரத் துணியைப் பிழிந்து கொடுத்த பக்கம், ராணி மூன்று நாள் தூங்காத பக்கம், எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். அவர் கடிதப் பேச்சைக்கூட அன்று எடுக்கவில்லை. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாலி கட்டுன வீட்டுக் கதவைத் தொறந்துக்கிட்டு வந்தவங்களுக்கு, அந்த ராணி நல்லவளாத்தான் தெரிவா."

நான் என் மகளைத் தூக்கிக்கொண்டு சோழவந்தானில் கணவன் வீட்டிலிருந்து வந்தவள். உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று மாடியில் இருந்தவர்களில் ஒன்பது பேர் இதைப் படிக்கிறீர்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. பஜ்ஜிக்கு மட்டும் திறந்தீர்கள். அப்புறமும் ஏன் வந்தாய் என்று என் மகள் கேட்டாள். நான் வராமல் போனால் அவள் துரோகி என்றே முடிந்துவிடும், அதனால்தான் வந்தேன். ராணியைச் சொன்னேனா என்னைச் சொன்னேனா என்று அவள் கேட்கவில்லை.

போன வருஷம் பதிப்பகத்தார் ஆறு பாகத்தையும் ஒரே புத்தகமாகக் கொண்டுவர முடிவு செய்தார்கள். ஆசிரியர் காலமாகி வெகு நாளாகிவிட்டது. கடைசியில் "ஐயங்களும் விளக்கங்களும்" என்று ஒரு பகுதி, அதை எழுதுவது ஜெகந்நாதன். அதுவரை அது மாடிச் சண்டை. இனி அச்சில் வந்துவிடும். நாளைக்குப் படிக்கிற பிள்ளைகள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இவர் எழுதியதைத்தான் ஆசிரியர் வாக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். நான் கெஞ்சவில்லை. கடிதத்தைக் காட்டிவிட்டு எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன். "ஒங்க ராணிய கடைசியா வச்சிருக்கேன்" என்று சிரித்தார். கடைசியாகத்தான் வைத்தார். மற்ற எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, அந்த ஒரு குறிப்பைக் கையில் வைத்திருந்தபோது, கடையில் கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள், வட்டத்தில் பக்க எண் தெரிந்தவள் என்று யாரோ சொல்லி, பதிப்பகத்திலிருந்து எனக்குப் போன். மேசையில் அவர் எழுதி வைத்திருந்த வரைவைக் கடையிலிருந்து அனுப்பினார்களாம். வாசித்துக் காட்டினார்கள். அலர்மேனி: துரோகி. ஆதாரம்: ஆசிரியரின் கடிதம். நீங்கள் ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தால் அச்சுக்குப் போய்விடும் என்றார்கள். கடிதத்தைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் வீட்டுக்குப் போனேன்.

சரோஜாம்மாள் மகளிடம் அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். மகள் உள்ளே போய் ஒரு பழைய சேலைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் பதினோரு அஞ்சலட்டைகள். ஆசிரியரின் கையெழுத்தேதான், எனக்குச் சந்தேகம் இல்லை. "இதெல்லாம் சேலை ஆர்டரும்மா, இதையா தேடுனீங்க?" என்றார் சரோஜாம்மாள். ஆமாம், சேலை ஆர்டர்தான். மாம்பழ மஞ்சளில் இரண்டு அனுப்பவும். போன தடவை அனுப்பிய அரக்கு முதல் துவையலிலேயே சாயம் போய்விட்டது, வீட்டில் வருத்தம். மாற்றி அனுப்பியதற்கு நன்றி. இந்தப் பதினோரு அட்டைகளிலிருந்துதான் மந்திரக் கை முளைத்தது. இருபது வருஷம் நம்மை ஆட்டி வைத்தது இந்தச் சாயம் போன சேலைதான். எனக்குக் கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இழவு வீட்டில் சிரித்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு அட்டையில் கதை இருந்தது. "நீங்கள் கேட்டிருக்கும் பெண் எந்தப் பாகத்தில் வருகிறாள் என்று எனக்கு நினைவில்லை. பத்திரிகைக்காரர்கள் அவசரப்படுத்தியதில் சில பேரை அப்படியே விட்டுவிட்டேன். கதவை ஏன் திறந்தாள் என்று எனக்கே தெரியாது. மாமியாருக்கு ஒன்பது கஜத்தில் கிடைக்குமா?" இவ்வளவுதான்.

நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு சரோஜாம்மாள் சொன்னார்: "அந்தப் பொம்பள ஏன் கதவத் தொறந்தான்னு எங்கிட்டயும் கேட்டாரும்மா. நான் கதையெல்லாம் படிச்சதில்ல. உள்ள மூச்சு முட்டிருக்கும், தொறந்திருப்பான்னேன். அதுக்கு ஒரு மாசம் எங்கூடப் பேசல." சொல்லிவிட்டு அட்டைகளை அடுக்கி என் பையிலேயே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மத்தியானச் சோறுகூடச் சாப்பிடவில்லை. அலர்மேனி துரோகி அல்லள், தாகத்தில் இறந்துகொண்டிருந்த மக்களை வெளியேற்றவே வாசலைத் திறந்தாள் என்று அடித்தேன். ஆதாரம் என்ற இடத்தில் விரல் நிற்கவே இல்லை. ஆசிரியரின் கடிதம் என்று அடித்து அனுப்பிவிட்டேன். "அருமைம்மா, பக்கம் அச்சுக்குப் போகுது" என்று பதில் வந்தது. இருபது வருஷ வழக்கு. என் மகளுக்குப் போன் போட்டு, ஜெயிச்சுட்டேன்டி என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். அப்புறம், "லெட்டர்ல அப்படியேவா எழுதியிருக்காரு?" என்றாள்.

"எழுதியிருக்காருடி" என்றேன்.

சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். அப்போது என்மேல் எனக்கு வந்த அருவருப்பு வேறு யார்மேலும் வந்ததில்லை. அந்த மனிதரை இத்தனை வருஷம் எதற்காகத் திட்டினேனோ அதைச் செய்ய எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவராவது கடைசிக் குறிப்பைக் கையிலேயே வைத்திருந்தார். அனுப்ப மனசு வரவில்லையோ, நேரம் வரவில்லையோ, அதை நான் எதற்கு யோசிக்க வேண்டும்.

பதிப்பகத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். அப்ப என்னதான்மா போட என்று அலுத்துக்கொண்டார்கள். தெரியாது என்று போடுங்கள் என்றேன். அம்புட்டுத்தானா என்றார்கள். ஆதாரம் ஆசிரியரின் கடிதம் என்றே இருக்கட்டும், அது இப்போது உண்மை என்றேன். புத்தகம் அப்படித்தான் வரப்போகிறது. மந்திரக் கையையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். உங்களில் சிலருக்கு அதில் வருத்தம் இருக்கலாம். எனக்கு இல்லை.

பிறகு மகளைத் திரும்பக் கூப்பிட்டு, அந்தக் கடிதத்தில் அப்படி இல்லை என்றேன். "அப்ப ஏம்மா அவ தொறந்தா?" என்றாள். தெரியலடி என்றேன். அந்த வார்த்தையை அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜெகந்நாதனை நான் மன்னிக்கவில்லை. மாடியில் அன்று சொன்னதற்கு அவர் ஒரு நாளும் வருத்தம் தெரிவிக்கவில்லை, இனி தெரிவிக்கவும் முடியாது. அட்டைகளை வட்டத்திடமே கொடுத்துவிடுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுங்கள். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, என் மகளிடம் "எழுதியிருக்காருடி" என்று சொன்ன அந்தக் குரலைத்தான். அச்சு அசலாக அவருடைய குரல்.